முப்பது வருடம் கழித்து ட்ரம்பெட்: பழையதா, புதியதா, வேறு வாத்தியமா?

பள்ளிக்கூட பேண்டிலோ சர்ச் பேண்டிலோ சில வருடம் ட்ரம்பெட் ஊதிவிட்டு, வேலை, கல்யாணம் என்று ஆனதும் வாத்தியத்தைப் பரண்மேல் ஏற்றியவர்கள் நம் ஊர்களில் நிறைய. நெல்லை, குமரிப் பக்கம் இன்னும் அதிகம். பிள்ளைகள் படித்து முடித்து, வீட்டுக்கடன் அடைந்து, சாயங்காலங்கள் கொஞ்சம் காலியாகும்போது அந்தப் பெட்டி நினைவுக்கு வரும். உடனே கேள்விகளும் வரும். பழையதையே சரிபண்ணி ஊதலாமா? புதிதாக வாங்கலாமா? அல்லது இந்த வயதில் ட்ரம்பெட் வேண்டாம், ட்ரம்பெட்டைவிடக் குட்டையான கார்னெட்டோ, மடியில் வைத்து ஊதும் பெரிய யூஃபோனியமோ எடுத்துக்கொள்ளலாமா?

நானும் அப்படித் திரும்பி வந்தவன். சர்ச் பேண்டில் கார்னெட்டில் தொடங்கி ட்ரம்பெட்டுக்குப் போய், பிறகு நெடுங்காலம் எதையும் தொடாமல் இருந்துவிட்டு மறுபடி எடுத்தவன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை முடிவுசெய்ய வேண்டியது உங்கள் இன்றைய உதடு. விலை, பிராண்டு, பழைய பாசம் எல்லாம் அதற்கு அப்புறம். உதடு இன்று பத்து, பதினைந்து நிமிடம்தான் தாங்கும் என்றால், அந்த நேரத்துக்குள் காதுக்கு இனிமையான ஒரு சத்தத்தை எந்த வாத்தியம் தருகிறதோ, அதைத்தான் நீங்கள் ஆறு மாதம் கழித்தும் ஊதிக்கொண்டிருப்பீர்கள்.

எது மிச்சம் இருக்கிறது, எது போய்விட்டது

விரல்கள் மறப்பதில்லை. மூன்று வால்வுகளில் எதற்கு எது என்பது, பெட்டியைத் திறந்த அன்றே பெரும்பாலும் திரும்பிவிடும். நோட்டேஷன் படிப்பதும் ஒன்றிரண்டு வாரத்தில் வந்துவிடும். காது முன்பைவிட நன்றாகவே இருக்கும். இத்தனை வருடம் பாட்டுக் கேட்டிருக்கிறோம் அல்லவா.

போனது உதட்டின் வலு. வாயைச் சுற்றி வளையமாக ஓடும் தசைதான் இந்த வாத்தியத்தின் உண்மையான ரீடு, அதாவது அதிர்ந்து சத்தம் எழுப்பும் பகுதி. பேசுவதும் சாப்பிடுவதும் அதற்கு வேறு வேலை; மவுத்பீஸுக்குள் நின்று அதிரும் வேலையை அது பல வருடமாகச் செய்யவில்லை. முதல் நாள் நடு ஜி வந்துவிடும். அதற்கு மேலே உள்ள சி, முக்கி முனகினால் வரும். அதற்கு மேல் காற்றுதான் வரும், சத்தம் வராது. இந்த இடத்தில்தான் ஆபத்து. மூளைக்கு அந்த உச்ச ஸ்வரம் எப்படி ஒலிக்க வேண்டும் என்பது தெரியும், உதட்டால் முடியாது. உடனே இடது கை தானாக வாத்தியத்தை முகத்தோடு அழுத்தத் தொடங்கும். அழுத்தினால் ஸ்வரம் ஒரு கணம் வந்துவிடும். மறுநாள் உதடு வீங்கி, தடம் பதிந்து, இரண்டு நாள் ஊத முடியாமல் போகும். திரும்பி வருகிறவர்கள் இரண்டாவது மாதத்தில் விட்டுவிடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம் என்பது நான் பார்த்தவரை தெரிந்த விஷயம்.

அதனால் வாத்தியத்தைத் தேர்வு செய்யும்போது, “இதில் மேல் சி வருமா?” என்று பார்க்காதீர்கள். “நடு ஜி-யிலிருந்து கீழே வரும் ஸ்வரங்கள் சிரமமில்லாமல், நிறைவாக ஒலிக்கின்றனவா?” என்று பாருங்கள்.

பரண்மேல் இருக்கும் பழையது

முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான், காசு மிச்சம் என்பதற்காக மட்டும் அல்ல. 1970, 80-களில் நம் பேண்டுகளில் புழங்கிய வாத்தியங்களில் நல்லவையும் இருந்தன. பூசி & ஹாக்ஸ், பெஸ்ஸன் போன்ற இங்கிலாந்து வாத்தியங்கள் பள்ளிகளிலும் போலீஸ், ராணுவ பேண்டுகளிலும் இருந்தன. சால்வேஷன் ஆர்மி என்கிற இரட்சணிய சேனைக்கு இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸில் சொந்தமாகவே ஒரு வாத்தியத் தொழிற்சாலை இருந்தது; 1972-இல் அது பூசி & ஹாக்ஸ் கைக்குப் போனது. அங்கே செய்த கார்னெட் ஒன்று உங்கள் வீட்டில் கிடந்தால் அவசரப்பட்டுப் பழைய பாத்திரக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.

பெட்டியிலிருந்து எடுத்ததும் பளபளவென்று தேய்க்க வேண்டும் என்று கை பரபரக்கும். வேண்டாம். நம் வீடுகளில் பித்தளை என்றால் புளி, குத்துவிளக்கு என்றால் புளி. ட்ரம்பெட்டின் மேலே இருப்பது பெரும்பாலும் வார்னிஷ் மாதிரியான லாக்கர் பூச்சு, இல்லையென்றால் வெள்ளி முலாம். புளியும் பாலிஷும் போட்டுத் தேய்த்தால் பூச்சு திட்டுத்திட்டாகப் போய்விடும். கொதிக்கும் நீரும் ஆகாது, லாக்கர் உரிந்துவிடும். வெதுவெதுப்பான நீர், பாத்திரம் தேய்க்கும் திரவம் சில சொட்டு, உள்ளே விட்டு எடுக்க ஒரு நீள பிரஷ், அவ்வளவுதான். வால்வுகளைக் கழற்றும்போது எது ஒன்று, எது இரண்டு, எது மூன்று என்று பார்த்துத் தனித்தனியாக வைக்கவும். மேலே நம்பர் பொறித்திருக்கும். மாற்றிப் போட்டால் காற்றே போகாது.

உள்ளே கழுவுவது வெறும் சுத்தத்துக்காக அல்ல. அமெரிக்காவில் ஒரு ட்ரம்போன்காரருக்குப் பதினைந்து வருடமாக இருமல். கடைசியில் அவருடைய வாத்தியத்துக்குள் வளர்ந்திருந்த கிருமியும் பூஞ்சையும்தான் காரணம் என்று கண்டுபிடித்து, 2010-இல் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். வாத்தியத்தைச் சுத்தம்செய்த பிறகு இருமல் போய்விட்டது. பல வருடம் மூடிக்கிடந்த பெட்டியைத் திறந்து அப்படியே வாயில் வைப்பது சரியில்லை.

அடுத்தது வால்வு. இதைச் சோதிக்க மெக்கானிக் வேண்டாம், நீங்களே செய்யலாம். வால்வுகளுக்கு எண்ணெய் விட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது வால்வின் ஸ்லைடை, அதாவது இழுத்து நீட்டக்கூடிய குழாயை, வால்வை அழுத்தாமல் ஓர் அங்குலம் வெளியே இழுங்கள். மெதுவாக ஐந்து எண்ணுங்கள். இப்போது வால்வை அழுத்துங்கள். ‘டப்’ என்று கார்க் திறக்கிற மாதிரி சத்தம் வந்தால் பிஸ்டனுக்கும் உறைக்கும் நடுவே காற்று கசியவில்லை என்று அர்த்தம். சத்தமே வராவிட்டால் தேய்மானம் அதிகம். முதல் வால்வுக்கும் இதையே செய்து பாருங்கள். தேய்ந்த வால்வுள்ள வாத்தியம் சத்தம் தரும்தான். ஆனால் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அதிகக் காற்றும் அதிக அழுத்தமும் கேட்கும். இருபது வயதில் அதைக் கவனிக்காமல் ஊதியிருப்போம். ஐம்பதில் உதடு அந்தக் கடனை அடைக்க முடியாது. பிஸ்டனுக்கு மறுபடி முலாம் போட்டு உறைக்குப் பொருத்தித் தரும் வேலை உலகில் நடக்கிறது. நம் பக்கம் நம்பிக்கையாகச் செய்கிறவர்களைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆகவே டப் சத்தம் வராத வாத்தியத்தை நினைவுக்காக வைத்துக்கொண்டு, ஊதுவதற்கு வேறு பார்ப்பதே நல்லது.

மூன்றாவது, மவுத்பீஸ் நுழைகிற நீளக்குழாய். எச்சில் முதலில் படுவது அங்கேதான். வெளிப்புறம் இளஞ்சிவப்புப் புள்ளிகள், நடுவில் கறுத்த பொட்டோடு தெரிந்தால் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து வெளியேறுகிறது என்று பொருள். அந்த இடம் உள்ளிருந்து அரித்து ஒருநாள் ஓட்டையாகும். அந்தக் குழாயை மட்டும் மாற்றலாம். மற்றதெல்லாம் நன்றாக இருந்தால் மாற்றுவது லாபம்தான். பெல்லில், அதாவது முன்னால் விரிந்திருக்கும் வாயில், இருக்கும் நசுங்கலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கண்ணுக்குத்தான் உறுத்தும், சத்தத்துக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. அதே அளவு நசுங்கல் நீளக்குழாயில் இருந்தால்தான் சிக்கல்.

மவுத்பீஸ் இறுகிக்கொண்டு வராமல் இருந்தால் பிளையர் போட்டுத் திருகாதீர்கள், நீளக்குழாய் முறுக்கிக்கொள்ளும். அதை எடுப்பதற்கென்றே ஒரு கருவி உண்டு. பேண்டு வாத்தியம் பழுதுபார்க்கிறவரிடம் இருக்கும்.

இன்னொன்று அதிகம் பேருக்குத் தெரியாது. 1960-களின் நடுப்பகுதி வரை இங்கிலாந்து பேண்டு வாத்தியங்களை ‘ஹை பிட்ச்’ என்ற உயர்ந்த சுருதியில் செய்தார்கள். இன்றைய ஏ ஸ்வரம் நொடிக்கு 440 அதிர்வு என்றால் அவர்களுடையது ஏறத்தாழ 452. கிட்டத்தட்ட அரை செமிடோன் வித்தியாசம். அந்தக் காலத்து வாத்தியம் தாத்தாவிடமிருந்து வந்திருந்தால், தனியாக ஊதும்போது அருமையாக இருக்கும். கீபோர்டோடு சேர்ந்த உடனே பல்லைக் கூசவைக்கும். உங்கள் காதில் கோளாறு இருக்காது. டியூனிங் ஸ்லைடை நன்றாக இழுத்துப் பாருங்கள். ஜி சரியாகி, வால்வு அழுத்தும் ஸ்வரங்கள் மட்டும் கூடிக்கொண்டே போனால் அது ஹை பிட்ச் வாத்தியமாக இருக்கலாம். எல்லா ஸ்லைடுகளையும் நீளமாக்கினால்தான் சரியாகும். நான் அதற்குச் செலவு செய்யச் சொல்லமாட்டேன்.

பத்தாயிரத்துக்குள் கிடைக்கும் புதியது

மீரட்டின் ஜாலி கோட்டி வட்டாரம் நாடு முழுக்கக் கல்யாண பேண்டுகளுக்கு வாத்தியம் செய்து அனுப்புகிற இடம். நூறு வருடத்துக்கும் மேலான தொழில் அது, அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு. தெருவில் தினமும் நான்கு மணி நேரம் உரக்க ஊத, மழையில் நனைய, வேனில் அடிபட, அந்த வாத்தியம் பொருந்தும். ஆன்லைனில் பத்தாயிரத்துக்குள் கிடைக்கிற பெரும்பாலான ட்ரம்பெட்டுகள் இந்த வகையைச் சேர்ந்தவைதான். மெதுவாக, நடு ஸ்தாயியில், வீட்டுக்குள் ஊதி உதட்டை மீட்க வேண்டியவருக்கு அவை சரிப்படாது. வால்வு இழுத்துப் பிடிக்கும், சுருதி ஸ்வரத்துக்கு ஸ்வரம் அலையும். உதடு பலவீனமாக இருக்கும்போது தப்பு உங்களுடையதா வாத்தியத்துடையதா என்றே தெரியாமல் போகும். இந்தக் குழப்பம்தான் பெரிய செலவு.

எப்படியும் பார்க்கத்தான் போகிறேன் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். மூன்றாவது வால்வின் ஸ்லைடில் விரல் நுழைக்க ஒரு வளையம் இருக்கும். ஊதும்போதே அந்த ஸ்லைடு வழுக்கிக்கொண்டு வெளியே போய்வர வேண்டும். மூன்று வால்வு வாத்தியம் எல்லாவற்றிலும் கீழ் டி-யும் அதற்குக் கீழே உள்ள சி ஷார்ப்பும் இயல்பாகவே சுருதி கூடி நிற்கும். அந்த ஸ்லைடைத் தள்ளித்தான் இறக்க வேண்டும். வளையம் அலங்காரத்துக்கு ஒட்டியிருந்து ஸ்லைடு அசையாவிட்டால் வாங்காதீர்கள்.

மாணவர் தர யமஹா, இரண்டாம் கை, அதற்கு மேலே

பழையது தேறாதவர்களில் பெரும்பாலானவர்களுக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. யமஹாவின் மாணவர் தர ட்ரம்பெட், அதாவது ஒய்டிஆர் 2330 அல்லது அதற்கு முந்தைய 2335. விலை மேலே சொன்ன மலிவான புதியதைவிடப் பல மடங்கு. ஆனால் வால்வு நம்பகமானது, சுருதி பெரும்பாலும் சொன்ன இடத்தில் நிற்கும், அதைவிட முக்கியம், எளிதாக ஊத வரும். இரண்டாம் கையாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. பிள்ளைக்குப் பரீட்சைக்காக வாங்கிக்கொடுத்து, பிள்ளை இரண்டு கிரேடோடு நிறுத்திய ட்ரம்பெட்டுகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கின்றன. லண்டன் டிரினிட்டி காலேஜின் இசைப் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் ஆசிரியர்களிடம் சொல்லிவைத்தால் தகவல் வரும். நேரில் போய் அந்த டப் சோதனையைச் செய்து பார்த்து வாங்குங்கள்.

பாக் ஸ்ட்ராடிவேரியஸ் மாதிரி தொழில்முறை வாத்தியத்தை இப்போதே வாங்கலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. வசதி இருக்கிறது, இளமையில் கனவாக இருந்தது, வாங்கிவிடலாம் என்று தோன்றும். தப்பில்லை, ஒரு வருடம் கழித்து வாங்குங்கள். அந்த வாத்தியங்கள் கனமானவை, நல்ல உதட்டுக்குத் தக்கபடி செய்தவை. இன்றைய உதடோடு போய்க் கடையில் ஊதிப் பார்த்தால் எது நல்லது என்றே உங்களால் தீர்மானிக்க முடியாது.

மவுத்பீஸ் பற்றி ஒரு வார்த்தை. யமஹாவோடு வரும் 11பி4 போதும். பாக் வரிசையில் 7சி-யும் போதும். அந்த வரிசையில் எண் குறையக் குறைய அளவு பெரிதாகும். உச்ச ஸ்வரத்துக்காக ஆழமில்லாத மவுத்பீஸ் விற்பார்கள். திரும்பி வருகிறவர்களுக்கு அது விஷம். சத்தம் மெலிந்து, உதடு உள்ளே முட்டும்.

வாத்தியத்தையே மாற்றுவது

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பலரும் இதை யோசிப்பதே இல்லை, ஏனென்றால் மாற்றுவது தோல்வி என்று நினைக்கிறார்கள்.

கார்னெட்டிலிருந்து தொடங்குவோம். ட்ரம்பெட்டின் அதே குழாய் நீளம்தான், ஒன்றரை மீட்டரை ஒட்டி. ஆனால் இறுக்கமாகச் சுற்றியிருப்பதால் உடம்பு குட்டை. கைக்குப் பக்கத்தில் நிற்கும், மணிக்கட்டும் தோளும் சலிப்பதில்லை. குழாய் படிப்படியாக விரிந்துகொண்டே போகிற அமைப்பு அதிகம் என்பதால் சத்தம் உருண்டையாக இருக்கும், காதைக் குத்தாது. விரல் முறை மாறாது, நோட்டு மாறாது. ட்ரம்பெட்டில் சத்தம் மெலிந்து கேட்கிற அதே பலவீனமான உதட்டோடு கார்னெட்டை எடுத்தால் ஏதோ பாட்டு மாதிரிக் கேட்கும். அந்தச் சின்னச் சந்தோஷம் மறுநாளும் எடுக்க வைக்கும். வீட்டில் ஊதுகிறவர், சர்ச்சில் பாமாலைக்கு ஊதுகிறவர், பள்ளி நாளில் கார்னெட்டில் தொடங்கியவர், இவர்கள் எல்லோருக்கும் நான் ட்ரம்பெட்டைவிட இதையே சொல்வேன். சினிமாப் பாட்டின் அந்தக் கூர்மையான ட்ரம்பெட் பிட்டுகளை ஊதத்தான் ஆசை என்றால் கார்னெட் ஏமாற்றிவிடும். அப்போது ட்ரம்பெட்டே சரி.

கார்னெட்டின் உறவான ஃப்ளூகல்ஹார்ன் சத்தத்தில் இன்னும் மென்மையானது. ஃப்ரெடி ஹப்பார்ட் என்ற ஜாஸ் கலைஞருக்கு 1992-இல் மேலுதடு வெடித்துத் தொற்றும் ஏற்பட்டது. பழைய வேகம் திரும்பவே இல்லை. பிற்காலத்தில் அவர் அதிகம் எடுத்தது ஃப்ளூகல்ஹார்னைத்தான். ஆனால் நம் ஊரில் நல்லது கிடைப்பது அரிது, விலையும் அதிகம். ஒரே வாத்தியம் வைத்துக்கொள்ளப் போகிறவருக்கு நான் சிபாரிசு செய்வதில்லை.

யூஃபோனியம் வேறு கதை. குழாய் 2.7 மீட்டருக்குப் பக்கம், ட்ரம்பெட்டுக்கு ஒரு ஸ்தாயி கீழே பேசும். ட்ரம்பெட் மவுத்பீஸின் உள்வட்டம் பதினாறு, பதினேழு மில்லிமீட்டர்தான். இதற்கு இருபத்தைந்தை ஒட்டி. அத்தனை சின்ன இடத்தில் உதட்டை இறுக்கிப் பிடிக்க வேண்டிய அவசியம் இங்கே இல்லை. பெரிய வட்டத்தில் உதடு தளர்ந்து அதிரும், அழுத்தம் பரவும். ஊதும் காற்றுக்கு அழுத்தம் குறைவாகப் போதும், அளவு நிறையத் தேவை. முன்பல் ஆட்டம் கண்டவர்களும் பல் கட்டியவர்களும் ட்ரம்பெட்டில் படும் பாட்டில் பாதிகூட இதில் படுவதில்லை.

பிரிட்டிஷ் பேண்டு மரபில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. பாஸ் ட்ரம்போன் தவிர கார்னெட் முதல் பெரிய பாஸ் வரை எல்லாருக்கும், ட்ரம்பெட்டுக்கு எழுதுகிற மாதிரியே, ட்ரெபிள் க்ளெஃப் என்ற குறியீட்டிலேயே எழுதித் தருவார்கள். நம் சர்ச் பேண்டுகளும் இரட்சணிய சேனை பேண்டுகளும் அந்த மரபில் வந்தவை. அதனால் ட்ரம்பெட் ஊதியவர் யூஃபோனியத்தை எடுத்தால் அதே விரல், அதே நோட்டு. புதிதாகப் படிக்க எதுவும் இல்லை. எங்கள் பேண்டில் சோலோ கார்னெட் ஊதிய அண்ணன் ஒருவர், மேல்பல் செட் கட்டிய பிறகு இதற்கு மாறினார். ஒரு சாயங்காலம் அவர் பாமாலையின் ஆண்குரல் வரியை ஊதும்போது, கூட இருந்தவர்கள் அவரவர் வாத்தியத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

பிரச்சினை எடையும் விலையும். நான்கைந்து கிலோ இருக்கும். மடியில் வைத்துத்தான் ஊத வேண்டும், ஊர்வலத்தில் நடப்பது சிரமம். நல்லதைச் சொந்தமாக வாங்க ட்ரம்பெட்டைவிட மிக அதிகமாகும். பேண்டில் சேர்ந்து அவர்களுடைய வாத்தியத்தை வாங்கி ஊதுவதுதான் வழி. பெரும்பாலான பேண்டுகளில் கார்னெட்டுக்குப் போட்டி இருக்கும். யூஃபோனியமோ ஆள் இல்லாமல் மூலையில் நிற்கும். கேட்டுப் பாருங்கள்.

ட்ரம்போனுக்கும் மவுத்பீஸ் அதே அளவுதான். ஆனால் ஸ்லைடின் ஏழு இடங்களையும் கை புதிதாகப் பழக வேண்டும். ஏழாவது இடத்துக்கு முழுக்கை நீட்ட வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகுவது சகஜம். அப்படித் தோள் இறுகியவர்களுக்கு இது ஒத்துவராது. முன்பே ட்ரம்போன் ஊதியவர் திரும்பி வருகிறார் என்றால், தோள் பழகும்வரை 800 கிராம் எடையுள்ள பிபோன் என்ற பிளாஸ்டிக் ட்ரம்போன் நல்ல துணை.

பல், கண், நெஞ்சு

பல் போய்விட்டதே என்று கவலைப்படுகிறவர்கள் செட் பேக்கர் என்ற ஜாஸ் ட்ரம்பெட் கலைஞரை நினைத்துக்கொள்ளலாம். 1966-இல் அடிபட்டுப் பற்கள் பாழாகி, பிறகு பொய்ப்பல் கட்டிக்கொண்டு, முதலிலிருந்து கற்று 1970-களில் மேடைக்குத் திரும்பினார். அதற்குப் பல வருடம் ஆனது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். முன்பல்லில் ஏதாவது வேலை செய்யப் போகிறீர்கள் என்றால், மவுத்பீஸைப் பல் டாக்டரிடம் எடுத்துப் போய்க் காட்டுங்கள். அரை மில்லிமீட்டர் நீளம் மாறினாலும் உதடு உணரும்.

கண்ணழுத்த நோய் (க்ளாக்கோமா) உள்ளவர்கள் கண் டாக்டரைக் கேட்காமல் ட்ரம்பெட் எடுக்க வேண்டாம். அழுத்தம் அதிகம் கேட்கும் வாத்தியங்களில் உச்ச ஸ்வரத்தை உரக்க ஊதும்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, நிறுத்தியதும் இறங்குவதை அளந்து பார்த்திருக்கிறார்கள். இரத்த அழுத்தம், குடலிறக்கம், இதய அறுவை சிகிச்சை, எதுவாக இருந்தாலும் அதேதான். யூஃபோனியத்தின் பக்கம் சாய இதுவும் ஒரு காரணம்.

எங்கே ஊதுவது

பழைய நாளில் வயல்வெளியிலோ சர்ச் வளாகத்திலோ ஊதினோம். இப்போது அடுக்குமாடி. பயிற்சி மியூட் ஒன்றைப் பெல்லில் செருகினால் சத்தம் வெகுவாக அடங்கும். யமஹா 1995-இல் கொண்டுவந்த சைலண்ட் பிராஸ், மியூட்டுக்குள் மைக் வைத்து, ஹெட்போனில் நம் சத்தத்தை நமக்கே கொடுக்கிறது. இரண்டுமே உதவும். ஆனால் மியூட் போட்டால் காற்று எதிர்த்து நிற்கும், சுருதியும் ஏறும். அதிலேயே பழகினால் திறந்து ஊதும்போது தடுமாறும். என் யோசனை, பாதி நேரமாவது மியூட் இல்லாமல் ஊதுங்கள். துணி அலமாரியைத் திறந்து வைத்து அதற்குள் பார்த்து ஊதினால் கொஞ்சம் சத்தத்தை அது விழுங்கிவிடும். பக்கத்து வீட்டாரிடம் நேரம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு அரைமணி நேரம் என்றால் யாரும் மறுக்கமாட்டார்கள்.

மொட்டைமாடி நல்ல இடம்போலத் தெரியும். ஆனால் அங்கே சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வருவதில்லை. நமக்கே நம் சத்தம் போதாமல் இன்னும் ஓங்கி ஊதுவோம், உதடு பத்து நிமிடத்தில் போய்விடும்.

தனியாகவா, ஆசிரியரிடமா, பேண்டிலா

தொடக்கத்தில் இரண்டு மூன்று முறையாவது ஒரு ஆசிரியரை நேரில் பாருங்கள். வீடியோ அழைப்பில் விரலையும் உட்காரும் விதத்தையும் திருத்தலாம், சத்தத்தின் தரத்தை மட்டும் அது நசுக்கிக் கொடுக்கும். நம் பிழைகள் பழையவை. நமக்குக் கேட்காது, புதிய காதுக்கு உடனே கேட்கும். சென்னையில் மேற்கத்திய இசைப் பள்ளிகள் இருக்கின்றன. மற்ற ஊர்களில் ஓய்வுபெற்ற போலீஸ் பேண்டுக்காரர், ராணுவ பேண்டுக்காரர் யாராவது இருப்பார். இவர்களை விட்டால் அடிப்படை சொல்லித்தர ஆள் கிடையாது. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் பேண்டில் ஊதியவர்களும், பச்மாரியில் ராணுவ இசைப் பயிற்சி முடித்தவர்களும் நம் மாவட்டங்களில் அமைதியாக வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள்.

வீட்டுப் பயிற்சி சின்னதாக இருக்கட்டும். காலையில் பத்து நிமிடம், சாயங்காலம் பத்து நிமிடம். ஊதிய அளவுக்கு ஓய்வு. நடு ஜி-யில் தொடங்கி நீளமாகப் பிடித்து, ஒவ்வொன்றாகக் கீழே இறங்குங்கள். மேலே போவது தானாக வரும்வரை காத்திருக்கலாம். உதட்டில் கூச்சமோ மரமரப்போ வந்தால் அன்றைக்கு மூடி வைத்துவிடுங்கள்.

ஆறு மாதத்துக்குள் ஒரு பேண்டில் போய் உட்காருவது நல்லது. தனியாக ஊதுகிறவர் நாளடைவில் நிறுத்திவிடுவார். பக்கத்தில் ஆள் இருந்தால் வியாழக்கிழமைப் பயிற்சிக்குப் போயே ஆக வேண்டும். சேரும்போது, “முன்னே நான் ஃபர்ஸ்ட் கார்னெட்” என்று சொல்லாமல் மூன்றாம் கார்னெட் கேட்டு வாங்குங்கள். அந்த வரி நடு ஸ்தாயிக்குள்ளேயே ஓடும், நடுநடுவே ஓய்வும் இருக்கும், இன்றைய உதட்டுக்கென்றே எழுதியதுபோல் இருக்கும். டிசம்பர் மாதம் கேரல் ரவுண்டு வரும். ராத்திரி பத்துக்கு மேல் வீடு வீடாகப் பனியில் நின்று, குளிர்ந்த வாத்தியத்தில் இரண்டு மூன்று மணி நேரம் ஊத வேண்டியிருக்கும். முதல் வருடம் முழு ராத்திரியும் ஊத ஒப்புக்கொள்ள வேண்டாம். பேண்டு மாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லி, இரண்டு வீட்டுக்கு ஒரு வீடு ஊதுங்கள். மற்ற வீடுகளில் பாடலாம், மவுத்பீஸைச் சட்டைப்பைக்குள் சூடாக வைத்துக்கொள்ளலாம்.